ஹைலக்ஸ் கெப்பின் கம்பனிச் சைலன்சரைக் கழற்ற முடியவில்லை: வெட்டுவதா, வெட்டாமல் எடுக்க வழி உண்டா?

கேள்வி: வாழைச்சேனை மீன்வண்டி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2007ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் ஒன்று இருக்கிறது, 2.5 லீற்றர் டேர்போ டீசல் எஞ்சின். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலையில் ஏற்றும் மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி மட்டக்களப்புக்கும், சில நாட்களில் பொலன்னறுவைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை. சைலன்சர் தொகுதி கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. இதுவரை எவரும் அதைக் கழற்றியதில்லை. இப்போது மப்ளர் பெட்டியின் அடித்தகடும், பின் அச்சுக்கு மேலால் வளைந்து போகும் குழாயின் ஒரு பக்கமும் கறள் தின்று ஓட்டையாகிவிட்டன. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது புகை மணம் உள்ளே வருகிறது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலமும் நெருங்குகிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

வீட்டு வளவிலேயே கழற்றிவிடலாம் என்று கீழே படுத்துப் பார்த்தேன். நட்டுகள் நட்டுகளாகவே தெரியவில்லை. செம்பழுப்பு நிறக் கட்டிகளாக இருக்கின்றன. சொக்கட்டைப் போட்டால் வழுக்குகிறது. குழாயோ மப்ளரிலிருந்து வால்வரை ஒரே துண்டாக ஒட்டப்பட்டிருப்பதால், நட்டுகள் எல்லாம் கழன்றாலும் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையிலிருந்து அதை எப்படி வெளியே உருவுவது என்பது விளங்கவில்லை. அருகிலுள்ள ஒரு கராஜில் விசாரித்தபோது, எஞ்சினுக்குக் கிட்டவே கிரைண்டரால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாயை அந்த இடத்திலிருந்து ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். அது சரியான வேலைதானா என்ற சந்தேகத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் ஒரு சொக்கட் பெட்டி, சிறிய கிரைண்டர், வண்டியோடு வந்த ஜக் ஆகியவை உள்ளன. இரும்பைச் சூடாக்கும் கேஸ் விளக்கு இல்லை. அனுபவமுள்ள அண்ணன்மாரும் காக்காமாரும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழி சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: கல்முனைக் கராஜ்

தம்பி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தது நல்லது. கழற்றப்போகும் பாகங்களில் எது மீண்டும் பூட்டப்படும், எது பழைய இரும்புக்குப் போகும் என்பதை ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னரே பிரித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையான மப்ளரும் அதன் வால்குழாயும் பழைய இரும்பு. அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளோடு அரை நாள் மல்லுக்கட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. ஆனால் டேர்போவின் வாயில் முதற்குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளின் கதை வேறு. அவை வார்ப்பிரும்புக்குள் இறங்கியிருக்கும் தலையில்லாப் போல்ட்டுகள். ஒன்று உடைந்தால், இரண்டாயிரம் ரூபாய் வேலை டேர்போவைக் கழற்றும் வேலையாக மாறிவிடும். ஆகவே முதற்குழாயில் ஓட்டை இல்லையென்றால் டேர்போ மூட்டைத் தொடவே வேண்டாம். முதற்குழாய் முடிந்து அடுத்த குழாய் தொடங்கும் பிளேஞ்சில், அதாவது கியர்பெட்டிக்குக் கிட்ட இருக்கும் மூட்டில் பிரிப்பதுதான் உங்கள் வேலையின் எல்லை.

எஞ்சினுக்குக் கிட்ட வெட்டி ஒட்டுகிறோம் என்று சொன்னவர்களுடைய வசதி எனக்குப் புரிகிறது. நட்டோடு போராடத் தேவையில்லை, அரை மணித்தியாலத்தில் வண்டி வெளியே போய்விடும். ஆனால் அப்படி ஒட்டிய பிறகு அடுத்த முறை கியர்பெட்டியை இறக்க வேண்டி வந்தால் மறுபடியும் வெட்டத்தான் வேண்டும். பிளேஞ்சை அழித்துவிட்டால் அந்த வண்டியின் சைலன்சர் இனிக் கழற்றிப் பூட்டும் பொருள் அல்ல.

இனி வண்டியை உயர்த்துவது பற்றிச் சொல்கிறேன். நம்முடைய கரையோர வளவுகள் எல்லாம் மணல். வண்டியோடு வந்த ஜக்கை மணலில் வைத்து உயர்த்தினால் அது ஒரு பக்கமாகப் புதைந்துகொண்டே போகும். மேலே இருப்பது ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம். தடித்த பலகையோ பழைய தண்டவாளச் சிலிப்பர்க் கட்டையோ இட்டு, அதன்மேல் ஜக் ஸ்டாண்ட் வைத்து, முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை அடைகொடுத்த பின்னரே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கும் வேலையை என் கராஜில் எந்தப் பொடியனுக்கும் நான் அனுமதிப்பதில்லை. சீமெந்துத் தளமுள்ள ஒருவரின் இடத்தை ஒரு நாளைக்குக் கேட்டுப் பெற முடிந்தால் அதுவே மேல்.

ஸ்டாண்டுகளைச் செசிக்குக் கீழே வையுங்கள், பின் அச்சுக்குக் கீழே வைக்க வேண்டாம். செசியைத் தாங்கினால் பின் அச்சு தன் பாரத்தில் கீழே தொங்கும். அச்சுக்கும் செசிக்கும் இடைவெளி பெருகும். நீங்கள் கேட்ட வால்குழாயை உருவுவதற்கான வழி அதுதான். கம்பனியில் இந்தக் குழாயை வெறும் செசியில், கெபினும் பின்பெட்டியும் ஏறுவதற்கு முன்னரே பொருத்திவிடுகிறார்கள். அப்போது எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். முழு வண்டியாக நம் கைக்கு வந்த பிறகு அதே துண்டை அதே வழியால் எடுக்க இடம் இருக்காது. அச்சு தொங்கும்போது பிரேக் ஹோஸ் இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். விகோவில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வின் கம்பி பின் அச்சோடு இணைந்திருக்கும். அதுவும் வளைந்துவிடக் கூடாது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னிச் சில்லையும் இறக்கிவிடுங்கள். அது போனால் கை நுழைய நல்ல இடம் கிடைக்கும்.

நட்டுகளுக்கு வருகிறேன். கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் புரிக்குள் கறள் ஏறிய நட்டு ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடுகிறது. எண்ணெய் அந்தக் கறளுக்குள் ஊற நேரம் வேண்டும். முதல் வேலை கம்பித் தூரிகையால் புரியின் வெளிப்பக்கத்தைச் சுரண்டுவது. கட்டியின் மேல் ஊற்றும் எண்ணெய் உள்ளே போகாது, தரையில்தான் சொட்டும். பிறகு ஊடுருவும் எண்ணெய் அடிக்க வேண்டும். டபிள்யூடி 40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, இலேசான கறளுக்குப் போதும். உங்களுடையது போன்றவற்றுக்கு ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் அசிற்றோனும் சரிபாதியாகக் கலந்து பயன்படுத்துகிறோம். அது தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும், பெயின்றையும் தின்னும். மாலையில் வண்டி சூடு ஆறியதும் அடித்து, இரவில் ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் அடித்தால், மறுநாள் வேலை பாதியாகக் குறையும்.

டொயோட்டாவில் இந்த நட்டுகள் பெரும்பாலும் 14 மில்லிமீற்றர் அளவு. கறள் தின்ற பிறகு அவை 14 அல்ல; அதனால்தான் உங்கள் சொக்கட் வழுக்குகிறது. ஆறுமூலை உள்ள 13 மில்லிமீற்றர்ச் சொக்கட்டை நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். பன்னிரண்டு மூலைச் சொக்கட்டைத் தூக்கி வைத்துவிடுங்கள். அது இருக்கும் மூலைகளையும் உருட்டிவிடும். அடித்து ஏற்றும்போது விழும் அடிகளும் கறளை உடைக்கும் என்பது கூடுதல் இலாபம். பிடித்த பிறகு, முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசைத்துப் பாருங்கள். ஒரு நூலளவு அசைந்தாலும் போதும். பிறகு கழற்றும் பக்கம், மீண்டும் எண்ணெய், மீண்டும் இறுக்கும் பக்கம் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். கிறீச்சிட்டுக்கொண்டு திடீரென இலகுவாகச் சுற்றத் தொடங்கினால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் ஸ்டட் முறுகத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

இரு பக்கமும் துளை வழியாகப் போகும் போல்ட் என்றால் இந்தப் பொறுமை எதுவும் தேவையில்லை. கிரைண்டரால் நட்டை வெட்டித் தள்ளிவிட்டுப் புதுப் போல்ட் போடுங்கள்.


பதில்: மண்டூர் வட்டை

கல்முனை அண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மப்ளரையும் வால்குழாயையும் "பழைய இரும்பு" என்று சொல்லித் துண்டு துண்டாக வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பனி உதிரிப்பாகமாகவே புதியதை வாங்கப்போகிறவர் என்றால் எப்படியும் வெட்டலாம். ஆனால் நம்மில் பெரும்பாலானோர் பட்டறையில் குழாய் வளைத்துச் செய்விப்பவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாள் முதல் பழைய கெப்களை எப்படியாவது ஓட வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. 2025 பெப்ரவரியில் வழி திறந்த பிறகும் புதிய வண்டியின் விலை எட்டும் நிலையில் இல்லை. அப்படியிருக்க, குழாய் வளைப்பவருக்கு அளவு தரக்கூடிய ஒரே பொருள் அந்தப் பழைய குழாய்தான். பின் அச்சுக்கு மேலால் போகும் அந்த வளைவு ஒரு பக்கம் மட்டும் வளைவதில்லை. மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, மீண்டும் கீழிறங்குகிறது. அதைக் கண்ணால் பார்த்து வளைத்த குழாய்கள் வண்டி பாரம் ஏற்றியதும் அச்சில் முட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எனவே முழுதாக உருவ முடிந்தால் உருவுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் இருந்து குழாயைச் சுழற்ற, மற்றவர் பின்னால் இருந்து வாங்க வேண்டும். அச்சு நன்றாகத் தொங்கினால் பல கெப்களில் இது நடக்கும். நடக்கவில்லையென்றால் ஒரே ஓர் இடத்தில், மப்ளருக்குப் பின்னாலுள்ள நேர்க்குழாயில் வெட்டுங்கள். வளைவில் வெட்ட வேண்டாம். வெட்டுவதற்கு முன் குழாயின் மேற்பக்கத்தில், வெட்டப்போகும் இடத்தைக் கடந்து இரு பக்கமும் நீளும்படி உளியால் ஒரு நேர்கோடு கொத்திவிடுங்கள். சோக்கட்டிக் கோடு எண்ணெய்க் கையில் அழிந்துவிடும். பட்டறையில் இரண்டு துண்டுகளையும் அந்தக் கோடு பொருந்தும்படி வைத்து இரண்டு பொட்டு ஒட்டினால் பழைய உருவம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

குழாயைச் செசியில் தொங்கவிடும் தூக்கு றப்பர்களைப் பற்றி எவரும் சொல்லவில்லை. நட்டுகளைவிட என்னை அதிகம் வியர்க்க வைத்தவை அவைதான். என்னுடையது ஹைலக்ஸ் அல்ல, மிட்சுபிஷி எல்200. ஆனால் அமைப்பு ஒன்றே. கம்பியின் முனை குமிழ்போலப் பருத்திருக்கும், றப்பர் அதற்கு முன்னால் சுருங்கிப் பிடித்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து றப்பருக்கும் கம்பிக்கும் இடையில் விட்டு, தட்டையான நெம்புகோலால் சுற்றிவரத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு வரும். றப்பர்களை மீண்டும் பயன்படுத்துவதானால் எஞ்சின் ஒயிலோ டீசலோ பூச வேண்டாம். அவை ஊறிப் பருத்து, சில மாதங்களில் பிய்ந்துவிடும். வெடித்த றப்பர் இருந்தால் தயங்காமல் வெட்டி எறியுங்கள். கடைசி றப்பரைக் கழற்றும்போது குழாயின் பாரம் முழுவதும் உங்கள் நெஞ்சில் இறங்காதபடி கீழே ஒரு மரக்கட்டையோ பழைய டயரோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதற்குழாய் செம்பழுப்பாகத் தெரிவதால் மட்டும் அது பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். கம்பனிக் குழாய்கள் பலவற்றில் இருப்பது குரோமியம் குறைவான ஒரு வகைத் துருவேறா உருக்கு. சுமார் 11 சதவீதம் குரோமியம் கொண்டது. வெளித்தோல் கறளாகும், உள்ளே கெட்டியாக இருக்கும். திருப்புளியின் பிடியால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்று ஒலித்தால் அது வாழும் குழாய். மொத்தென்று கேட்கும் இடத்தில் திருப்புளியின் முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அது முடிந்த குழாய். மூட்டின் அடியையும் மப்ளரின் தாழ்ந்த மூலையையும் கட்டாயம் தட்ட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நிற்பது அங்கேதான்.


பதில்: அக்கரைப்பற்று ஒட்டுவேலை

வேலை தெரிந்த இருவர் எழுதிய பிறகு நெருப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய்க்கும் அடிக்கும் அசையாத நட்டுக்கு மருந்து சூடு. ஒட்சி அசெற்றிலின் விளக்கால் நட்டை மட்டும், ஸ்டட்டை அல்ல, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கினால் நட்டு விரியும், உள்ளேயுள்ள கறள் நொறுங்கும். உடனே திருப்பாமல், சிவப்பு மறைந்ததும் ஒரு மெழுகுதிரியை புரியோரம் தொட்டுப் பிடித்தால் மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்படும். அதன் பிறகு ஸ்பானருக்கு நட்டு கீழ்ப்படியும். ஆனால் முந்திய நாள் முழுவதும் எண்ணெயும் அசிற்றோனும் அடித்துவிட்டு மறுநாள் விளக்கைக் கொண்டுபோகிறவர்கள், முதலில் அந்த இடத்தைத் துடைத்துக் காய வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் குழாய்கள், பிரேக் குழாய்கள், டீசல் தாங்கி, வயர்க்கட்டு எவை எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்து, இடையில் ஒரு தகட்டை மறைப்பாகப் பிடியுங்கள். அருகில் தண்ணீரும் தீயணைப்பானும் இல்லாமல் விளக்கைப் பற்றவைக்க வேண்டாம். வளவில் வைக்கோல் கிடந்தால் முதலில் அதைக் கூட்டி அள்ளுங்கள்.

கேஸ் விளக்கு இல்லாதவருக்கு வேறு வழியும் உண்டு. மூலைகள் முற்றாக உருண்டுபோன நட்டின்மேல், அதைவிடப் பெரிய புதிய நட்டு ஒன்றை வைத்து ஆர்க் வெல்டிங்கால் உள்வட்டத்தை நிரப்பி ஒட்டிவிட்டால், ஸ்பானருக்குப் புதிய பிடி கிடைக்கும். ஒட்டிய சூடே பாதிக் கறளை உடைத்துவிடும். ஸ்டட் உடைந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் இதே வழிதான். உடைந்த ஸ்டட்டுக்குள் துளையிட்டு, இடப்புரி எடுப்பானை இறுக்கித் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். அந்த எடுப்பான் கடினமான உருக்கு. உள்ளேயே உடைந்தால் சாதாரணத் துளைக்கம்பி அதன்மேல் ஏறாது. பிறகு வேலை எங்களைப் போன்றோரிடம், இரண்டு மடங்கு செலவோடு வரும்.

ஆர்க் வெல்டிங்கை வண்டியில் வைத்தே செய்வதானால் பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றிவிட்டு, வெல்டிங்கின் புவிக்கம்பியை ஒட்டும் இடத்துக்கு மிகக் கிட்டப் பிடியுங்கள். உங்களுடையது கணினிப் பெட்டியால் கட்டுப்படும் கொமன் ரெயில் எஞ்சின். அதன் மூளை போனால் சைலன்சரைப் பற்றி எவரும் கவலைப்படமாட்டார்கள்.

புதுக் குழாய் செய்விக்கும்போது ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். சில இடங்களில் தண்ணீருக்குப் பயன்படுத்தும் நாகம் பூசிய ஜீஐ குழாயையே வளைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். விலை குறைவு, பார்வைக்கும் பளபளப்பு. ஆனால் அதை ஒட்டும்போது எழும் வெண்புகை நாகத்தின் ஒட்சைட்டு. மூச்சில் ஏறினால் சில மணித்தியாலங்களில் குளிரும் காய்ச்சலும் வரும். ஒட்டுகிறவனுக்கு ஒரு நாள், இரண்டு நாள் படுக்கை. ஒட்டிய இடத்தில் பூச்சும் எரிந்து போய்விடுவதால் கறளும் அங்கேதான் முதலில் தொடங்கும். அலுமினியம் பூசிய உருக்குக் குழாயோ, கை தாங்குமானால் துருவேறா உருக்குக் குழாயோ கேட்டு வாங்குங்கள். வாகனத்தின் அளவைவிடப் பருத்த குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மீன் ஏற்றும் வண்டிக்குக் கம்பனி வைத்த விட்டமே போதும்.


பதில்: ஒலுவில் இரவோட்டம்

தம்பி, கழற்றும் வேலைக்கு முன்னதாகவே ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் படகு வரும்வரை கெபினுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உறங்கும் பழக்கம் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. ஓட்டைச் சைலன்சரோடு அதைச் செய்யவே கூடாது. உங்களுக்கு வரும் மணம் டீசல் புகையின் மணம். அதனோடு சேர்ந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். வேலை முடியும்வரை நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஓடும்போது கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள்.


வாழைச்சேனை மீன்வண்டி (கேட்டவர்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஒலுவில் காக்கா சொன்னதைப் படித்த அன்றே, வண்டிக்குள் உறங்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டேன்.

வேலை முடிந்தது. சீமெந்துத் தளமுள்ள உறவினர் ஒருவரின் அரிசி ஆலை முற்றத்தில் வைத்துக் கழற்றினோம். மண்டூர் அண்ணன் சொன்னபடி முதற்குழாயை நீளத்துக்கும் தட்டிப் பார்த்ததில் அது கணீரென்றே ஒலித்தது. எனவே டேர்போ மூட்டைத் தொடவில்லை. கியர்பெட்டிக்குக் கிட்டவுள்ள பிளேஞ்சில் ஒரு நட்டு, 13 சொக்கட்டை அடித்து ஏற்றி முன்னும் பின்னுமாக அசைத்ததில் கழன்றது. மற்றது வரவில்லை, ஸ்டட் பிளேஞ்சின் முகத்தோடு மட்டமாக முறிந்துவிட்டது. வால்குழாய், அச்சைத் தொங்கவிட்டபோது, பாதி தூரம் சுழன்று வந்து ஷொக் அப்சோபரின் தாங்கியில் சிக்கிக்கொண்டது. ஆகவே உளிக்கோடு கொத்திவிட்டு, மப்ளருக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் வெட்டினோம். பட்டறைக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்காமல் பொருத்தி வைத்துக்கொண்டார்.

கீழே இருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்பெட்டியின் மூலையில் ஐஸ் தண்ணீர் வடிவதற்காக முன்னைய உரிமையாளர் ஒரு துளை போட்டிருக்கிறார். அது நேராக மப்ளரின் மேல் இறங்குகிறது. ஓட்டை விழுந்த பக்கமும் அதே பக்கம்தான், தகட்டில் வெள்ளை உப்புக்கோடுகள் படிந்திருந்தன.

இப்போது எனக்கு எஞ்சியுள்ள கேள்விகள் இவை: முறிந்த ஸ்டட்டை எடுக்க வேண்டுமா, பிளேஞ்சையே மாற்ற வேண்டுமா? புதிதாகப் பூட்டும்போது அடுத்த முறை இந்தப் பாடு வராமலிருக்க என்ன செய்யலாம்?


பதில்: கல்முனைக் கராஜ்

முறிந்தது டேர்போவில் அல்ல, பிளேஞ்சில்தான் என்றால் கவலையே வேண்டாம். அது தடித்த உருக்குத் தகடு, இரு பக்கமும் திறந்தது. ஸ்டட்டின் நடுவில் பொட்டுக் குத்தி, முதலில் சிறிய துளைக்கம்பி, பிறகு பெரியது என்று ஸ்டட்டை முழுவதுமாகத் துளைத்து எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைப் போட்டு மறுபக்கம் நட்டால் இறுக்கிவிடுங்கள். துளைக்கும்போது மெதுவான வேகம், நல்ல அழுத்தம், இடையிடையே எண்ணெய். வேகமாகச் சுற்றினால் கம்பியின் முனை நீலமாகிக் கெட்டுவிடும். இனி எப்போதாவது அந்தப் போல்ட் கறளாகி இறுகினாலும் கிரைண்டரால் வெட்டித் தள்ளலாம். ஸ்டட்டைவிட அது நமக்கு வசதி.

பூட்டும்போது மூட்டின் நடுவில் இருக்கும் பழைய கெஸ்கட்டைத் திரும்பப் போட வேண்டாம், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி. பிளேஞ்ச் முகங்களைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். புரிகளில் செம்புத்தூள் கலந்த கிறீஸ் பூசுங்கள். அது சுமார் 1000 பாகை செல்சியஸ் வரை தாங்கக்கூடியது, சாதாரணக் கிறீஸ் முதல் ஓட்டத்திலேயே எரிந்து கரியாகிவிடும். நட்டுகள் பித்தளையிலோ செம்பு பூசியதிலோ கிடைத்தால் அவற்றையே போடுங்கள். உருக்கு ஸ்டட்டோடு அவை ஒட்டிக்கொள்வதில்லை. எல்லா மூட்டுகளையும் கையளவில் மட்டும் இறுக்கி, குழாய் தன் றப்பர்களில் இயல்பாகத் தொங்குகிறதா, அச்சுக்கும் பெட்டியின் அடிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னாலாக இறுக்க வேண்டும். இந்தப் பார்வையை வண்டி சில்லில் நிற்கும்போது செய்யுங்கள். அச்சு தொங்கும்போது கிடைக்கும் இடைவெளி பொய்யானது. எஞ்சினை ஓடவிட்டு, வால்குழாயைத் துணிப்பந்தால் சில கணங்கள் அடைத்துப் பிடித்தால் ஒழுகும் மூட்டு சீறிக் காட்டிக்கொடுக்கும். ஓரிரு நாள் ஓடிய பின், குளிர்ந்த நிலையில், நட்டுகளை மீண்டும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். புதுக் கெஸ்கட் சூட்டில் அமர்ந்து கொஞ்சம் தளரும்.

அந்தத் துளைதான் உங்கள் சைலன்சரைத் தின்றிருக்கிறது. அதை அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் உப்புத்தண்ணீர் பெட்டிக்குள்ளேயே நின்று பெட்டியைத் தின்னும். துளைக்கு ஒரு முழங்கைத் துண்டு பொருத்தி, தோட்டத்துக் குழாய் போன்ற ஒரு றப்பர்க் குழாயைச் செசியோரமாகப் பின் பம்பர் வரை கொண்டுபோய், தண்ணீர் வீதியில் விழும்படி விட்டுவிடுங்கள். குழாய் சைலன்சரில் தொடாமல் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். மீன் இறக்கிய பிறகு பின்பெட்டியை மட்டும் கழுவுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள், ஆனால் குழாய் சூடு ஆறிய பிறகு.